இரண்டாயிரம் டிக் பால்

டீ மெஷினை ஓட்டிக் காட்டிய அன்று கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: கடைக்காரர் பாய், மெஷின் செய்யும் எங்கள் கம்பெனி முதலாளி, கடையின் டீ மாஸ்டர் முருகேசன், நான். இல்லாதவர் என் சீனியர் பிரபு அண்ணா. மகளுக்கு மொட்டை போடக் குன்றத்தூர் போயிருந்தார். (இன்னிக்குன்னு பார்த்தா? அப்போதே எனக்கு ஒரு சந்தேகம்.)

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். கொத்தனார் அப்பாவும் சித்தாள் அம்மாவும், "பையன் மெஷினுக்கு மூளை எழுதுறான்" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார்கள். தாம்பரத்தில் இந்த ஒரு மெஷின் ஒழுங்காக ஓடினால் பாய் தன் எட்டுக் கடைகளுக்கும் வாங்குவார். என் வேலையும் நிரந்தரமாகும்.

மெஷினின் சிப்புக்குள் ஒரு கடிகாரம் உண்டு. அது நொடிக்கு ஆயிரம் முறை கெர்னலைத் தட்டும். கெர்னல் என்பது உள்ளே எல்லா வேலைகளையும் மேய்க்கும் மென்பொருள். ஒவ்வொரு தட்டும் ஒரு டிக். டிக் விழுந்ததும் கெர்னல் கையிலிருப்பதை நிறுத்தி, கணக்கில் ஒன்று கூட்டி, தூங்கும் வேலைகளில் யாருக்கு நேரம் வந்துவிட்டது என்று பார்த்து எழுப்பும். மின்சார ரயிலில் தூங்குகிறவரைத் தாம்பரம் வந்ததும் உலுக்கிவிடும் புண்ணியவான் மாதிரி. பால் குழாயைத் திறந்துவிட்டு 'இரண்டாயிரம் டிக் தூங்கு, எழுந்ததும் மூடு' என்று எழுதியிருந்தேன். இரண்டு நொடி, ஒரு கிளாஸ்.

பட்டனை அழுத்தினேன். கிளாஸ் நிறைந்தது. பால் நிற்கவில்லை. மேசை, பில் புக், பாயின் வெள்ளை வேட்டி என்று வரிசையாக நனைந்த பிறகுதான் நின்றது.

"இன்னா தம்பி, டீ கேட்டா குளிப்பாட்டுறே!" என்று பாய் துள்ளினார்.

"யாரோ கை வச்சிருக்காங்க சார்" என்று முதலாளியின் காதில் ஓதினேன். என் கண் முருகேசன் மேல். மெஷின் வந்தால் வேலை போகிற ஆள் அவர்தானே? காலையில் அதைத் துணியால் துடைத்துக்கொண்டு வேறு நின்றார். (துடைக்கிற சாக்கில் என்ன செய்தாரோ!)

"அண்ணா, உள்ள ஏதாவது திருகினீங்களா?"

"நானா? எனக்கு ஸ்டவ் திருகத்தான் தெரியும். நீ இன்னொரு வாட்டி அமுக்கு" என்று பத்து கிளாஸ் பிடிக்கும் ஒரு லிட்டர் ஜக்கை அடியில் வைத்தார்.

ஜக்கு விளிம்பு வரை நிறைந்து, டக்கென்று நின்றது. காலிசெய்துவிட்டு மறுபடி அழுத்தினேன். அதே விளிம்பு.

முருகேசன் சிரித்தார். "கெட்டுப்போன மெஷின் இஷ்டத்துக்கு ஊத்தும் தம்பி. இது ரெண்டு வாட்டியும் கரெக்டா பத்து கிளாஸ் ஊத்திக்கீது. யாரோ பத்துன்னு சொல்லிக்கீறாங்க."

பத்து. பாவம், கெர்னலை எதற்கு நொடிக்கு ஆயிரம் முறை தொந்தரவு செய்வது, நூறு போதாதா என்று இரக்கப்பட்டு, முந்தின நாள் ஒரு சைபரை எடுத்தது நான்தான். பால் வேலைக்குச் சொன்ன இரண்டாயிரத்தை அப்படியே விட்டுவிட்டேன். நூறு டிக் ஒரு நொடி என்றால் இரண்டாயிரம் டிக், இருபது நொடி.

"யாருப்பா கை வச்சது?" என்றார் முதலாளி.

"நான்தான் சார்."

பாய் ஒரே ஒரு மெஷின் எடுத்துக்கொண்டார், அதுவும் முருகேசன் அண்ணா பொறுப்பில். என் வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. இன்றும் வீட்டில் "ரெண்டு நிமிஷத்துல வரேம்மா" என்றால் அம்மா விடுவதில்லை: "ஊரு ரெண்டா, உன் ரெண்டா? சொல்லிட்டுப் போ, சோறு போடணும்."

பாய் அனுப்பிய பில் என் பெயருக்கே வந்தது: மூன்று லிட்டர் பால், ஒரு பில் புக், வேட்டி சலவை. ஆக முந்நூற்றுப் பத்து ரூபாய்.