பாட்டு இருந்த இடத்தில் டாம்பரின்

டாம்பரின் சத்தம் மட்டும்தான் வந்தது.

ஒலிப்பதிவு என்ஜினியர் லூதர் டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். முதல் இரண்டு வரி இருந்தது. கரகரத்த குரல், அவசரமில்லாமல்.

"சாவிய வச்சிட்டுப் போன, வந்திருவன்னு இருந்தேன்.
அன்னிலேர்ந்து இந்தக் கதவுக்குத் தாழ்ப்பா இல்ல."

அதற்குப் பிறகு டாம்பரின், சலங்கை வைத்த அந்தக் கைப்பறை மட்டும். நிதானமாக, தாளம் தவறாமல், பாட்டின் கடைசி வரை. வாசித்தவரும் லூதர்தான். சற்று முன்னால், காலித் தடத்தில் பதிவு செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு.

அந்த டேப்பில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு தடம். அவர் குரல் இருந்த பக்கத்துத் தடத்தின் பொத்தானை அழுத்தியிருந்தார். இத்தனை வருஷ வேலையில் முதல் தடவை. நகல் கிடையாது. அழிந்தது ஒரு பாட்டுதான் என்று தனக்குச் சொல்லிப் பார்த்தார். அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

டீக்கன் ரஸ்ட் என்ற ராப் பாடகனின் முதல் தனி ஆல்பம் அது. மற்ற பாட்டுகளில் எல்லாம் டீக்கன் சுடுகிறான். இந்த ஒன்றில்தான் சுடப்பட்டவன் வருகிறான். கெல்வின், டீக்கனின் அத்தை மகன். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் வளர்ந்தவர்கள். போன வருஷம் பஸ் ஸ்டாப்பில் நின்ற கெல்வின் மேல், வேறு யாருக்கோ குறிவைத்த குண்டு பட்டது. சாவுக்குப் பிறகு அந்தப் பெயரை டீக்கன் சொல்லி யாரும் கேட்டதில்லை. பாட்டில்தான் வந்தது.

ஸ்டுடியோ ஈஸ்ட் நியூயார்க்கில் ஒரு டயர் கடைக்குக் கீழே இருந்தது. டீக்கன் அங்கே ஒரு பாட்டைக் குளியல் தொட்டியில் படுத்துக்கொண்டு பாடினான். ஒன்றைப் பச்சை வெங்காயம் கடித்தபடி. ஒன்றைத் தரைவிரிப்புக்குள் சுருண்டு. கெல்வின் பாட்டுக்கு முன்னால் போன் செய்து, விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னான். பாடும் அறையின் கண்ணாடிச் சுவரைப் போர்வையால் மூட வேண்டும். பின்வாசல் திறந்திருக்க வேண்டும். யாரும் பேசக் கூடாது. ஒரே தடவைதான்.

லூதர் பார்க்கவில்லை. கேட்டார். எல்லாம் முடிந்து உள்ளே போனபோது மைக் ஒரு முழம் கீழே இறங்கியிருந்தது. மண்டியிட்டுப் பாடியிருக்கிறான். அன்று வீட்டுக்குப் போய் லூதர் மனைவியிடம் அதைத்தான் முதலில் சொன்னார்.

முன்பு இங்கே இருந்த என்ஜினியரின் காதை டீக்கன் கடித்திருக்கிறான். பாஸ் என்கிற அடிநாதத்தைக் கொஞ்சம் குறைத்ததற்கு.

வெள்ளிக்கிழமை மதியம் ஆல்பத்தை வெளியிடும் கம்பெனியிலிருந்து ஹால்பர்ன் வருகிறார். அந்தப் பாட்டு இல்லாமல் ஆல்பம் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார். சேர்ந்து பாடிய குழு டீக்கனைக் கழற்றிவிட்டிருந்தது. இது போனால் அவனை எடுக்க வேறு கம்பெனி இல்லை.

லூதர் போனை எடுத்தார்.

"டீக்கன், அந்தக் கெல்வின் பாட்டு..."

"பேரச் சொல்லாத."

"சரி. அந்தப் பாட்டு. இன்னொரு தடவ எடுத்துப் பாக்கலாமா? சும்மா, கைவசம் இருக்கட்டும்னு."

மறுமுனையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"எடுத்தது நல்லா இல்லயா?"

"நல்லா இருக்கு."

"அப்புறம்?"

"இன்னும் நல்லா வரலாம்ல."

"உங்க அப்பாவ எத்தன தடவ பொதச்சீங்க?"

"ஒரு தடவதான்."

"நல்லா வந்துச்சா?"

லூதர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"நீ பேசறது சரியில்ல பெருசு," என்றான் டீக்கன். "வெள்ளிக்கிழம அந்தப் பாட்டத்தான் மொதல்ல போடற. அத்தையையும் கூட்டிட்டு வரேன். அதுக்குக் கேக்கணுமாம்."

காது மட்டும்தான் போகும் என்று நினைத்திருந்தார். இப்போது கெல்வினைப் பெற்றவளும் வருகிறாள்.

முடிதிருத்தும் ஸ்பூனர் எல்லாக் குரலிலும் பேசுவார். நீதிபதி, பாதிரியார், செத்துப்போன மேயர். டீக்கனின் குரலில் பேசினால் நாற்காலியில் இருக்கும் ஆள் எழுந்து பின்வாசல் பக்கம் போவான். லூதர் அவரைக் கூட்டிவந்து அந்த இரண்டு வரியைப் போட்டுக் காட்டினார்.

ஸ்பூனர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மத்த பாட்டெல்லாம் தூக்கத்துல செய்வேன். இதுல ஆளு வேற மாதிரி இருக்கானே. தொண்ட எறங்கியிருக்கு."

"அழுதிருக்கான்."

"அழறதுக்குக் கூலி தனி. மீதி வரி எங்க?"

மீதி வரி எங்கேயும் இல்லை. டீக்கன் எதையும் எழுதிவைப்பவனல்ல. லூதருக்கு நான்கு வரி ஞாபகம் இருந்தது. அதில் இரண்டு டேப்பிலேயே இருந்தது.

மறுநாள் அவர் வில்லெட்டாவின் வீட்டுக்குப் போனார். டீக்கனின் அத்தை, கெல்வினின் தாய். தட்டியதும் கதவு தானாகத் திறந்துகொண்டது. அந்தத் தெருவில் பூட்டாத கதவு அது ஒன்றுதான்.

"யாரது?"

"நான்தான்க்கா, ஸ்டுடியோ லூதர்."

"ஷூவத் தொடச்சிட்டு வா."

வில்லெட்டா ஸ்கூல் பஸ் ஓட்டுபவர். ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைப்பார். இப்போது மீன் துண்டுகளைச் சோளமாவில் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி, அலமாரியிலிருந்து உப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"பாட்டோட வரி வேணும்க்கா," என்றார் லூதர். "ஆல்பம் அட்டையில அச்சடிக்க."

"அவனக் கேளு."

"சொல்ல மாட்டேங்கறான்."

"சொல்ல மாட்டான்," என்றார் வில்லெட்டா.

மீனை எண்ணெயில் போட்டார். அடுப்பைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார். சந்தையில் வாங்க வேண்டியதைச் சொல்வது போல, தட்டாமல், தடுமாறாமல். ஒரு காலில் மட்டும் மாற்றிப் போட்ட காலுறை. மழை. வராத பஸ். ஆஸ்பத்திரியில் கையில் கொடுத்த பிளாஸ்டிக் பை, அதற்குள் செலவாகாத பஸ் டோக்கன். லூதர் ஒரு காகிதப் பையின் மேல் எழுதிக்கொண்டே வந்தார். மீன் கருகத் தொடங்கியது. யாரும் திருப்பிப் போடவில்லை.

"எப்படிக்கா அப்படியே சொல்றீங்க?"

"இந்த வீட்டுச் சுவரு மெல்லிசு."

வாசல்வரை வந்தார்.

"அச்சடிக்கத்தானே, லூதர்?"

"ஆமாக்கா."

"பொய் சொன்னா உனக்குக் காது செவக்குது. அதப் பத்திரமாப் பாத்துக்க."

அன்று சாயங்காலம் ஸ்பூனர் பாடினார். முதல் பாதி சரியாக வந்தது. ஆஸ்பத்திரி வரி வந்ததும் அவர் அழ வேண்டியிருந்தது. ஸ்பூனரிடம் அழுகைக்கு இருந்தது ஒரே குரல். அது பாதிரியாருடையது.

"அழாமப் பாடேன்," என்றார் லூதர்.

அழாமல் பாடியதில் மேயர் வந்தார்.

லூதர் பாதிரியாரையே வைத்துக்கொண்டார். பின்னணி பீட்டின் சத்தத்தைக் கூட்டினார். எதிரொலி சேர்த்தார். அப்படியும் மறையாத இடத்தில் டாம்பரினைக் கொஞ்சம் தூவினார்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஸ்பூனர் சத்தியம் செய்திருந்தார். சொல்லவில்லை. ஆனால் பாடுவதற்கு முன் கடையில் கத்தரிக்கோலோடு நின்று பயிற்சி செய்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை மேலே டயர் மாற்றுகிறவர் சக்கரத்தின் நட்டைக் கழற்றிக்கொண்டே, "சாவிய வச்சிட்டுப் போன," என்று முணுமுணுத்தார்.

மதியம் மூவரும் வந்தார்கள். ஹால்பர்ன் டை கட்டியிருந்தார். சோபாவில் வெடிப்பில்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். டீக்கன் கம்பளி மேலங்கியும் குளியல் தொப்பியும் அணிந்து, பாஸ் ஸ்பீக்கரின் மேல் ஏறி உட்கார்ந்தான். வில்லெட்டா மீன் தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"போடு," என்றான் டீக்கன்.

முதல் இரண்டு வரிக்கு யாரும் அசையவில்லை. பிறகு ஸ்பூனர் வந்தார். பிறகு பாதிரியார் வந்தார்.

ஹால்பர்ன் தலையாட்டினார். "நடுவுல பாதிரியாரக் கொண்டுவந்தது நல்ல யோசன."

டீக்கன் ஸ்பீக்கரிலிருந்து இறங்கினான்.

"யாரு இது?"

"நீதான்," என்றார் லூதர்.

"நான் இல்ல."

லூதர் கையை உயர்த்திக் காதைத் தொட்டுக்கொண்டார். வில்லெட்டாவைப் பார்த்தார். அதற்கு மேல் பொய் வரவில்லை.

"அழிச்சிட்டேன். தெரியாம அழுத்திட்டேன். அதுல இப்ப டாம்பரின்தான் இருக்கு."

"அதப் போடு."

போட்டார். நான்கு பேரும் டாம்பரினைக் கேட்டார்கள். அது கடைசிவரை ஓடி, தானாக நின்றது.

லூதர் காத்திருந்தார். டீக்கன் கடிக்கவில்லை. திட்டவும் இல்லை. அவன் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, நடக்கறதுதான்," என்றார் ஹால்பர்ன். "மைக் இருக்கு, ஆளும் இருக்கு. இப்பவே பாடிடுங்க. இது இல்லாம நான் திரும்பிப் போனா ஆல்பத்த மூட்டகட்டி வச்சிருவாங்க."

"ஒரு தடவதான்னு சொன்னேன்."

"தெரியும். இன்னொரு ஒரு தடவ."

டீக்கன் உள்ளே போனான். மைக் முன்னால் நின்றான். லூதர் பீட்டை ஓடவிட்டார்.

"சாவிய," என்றான். நின்றான். பீட் ஓடியது.

மறுபடி ஓடவிட்டார்கள். இந்த முறை பஸ் ஸ்டாப் வரை போனான். அடுத்தது கெல்வினின் பெயர். வாய் திறந்திருந்தது. பீட் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது முறை அவன் குளியல் தொப்பியைக் கழற்றி முகத்தை அதில் பொத்திக்கொண்டான்.

"வரல," என்றான் அதற்குள்ளிருந்து.

"தப்பு என்னோடதுதான்," என்றார் லூதர். "எழுதிக்கங்க. என் பேரப் போட்டே எழுதிக்கங்க."

"யாரு தப்புன்னு எழுத வரல," என்றார் ஹால்பர்ன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "போன தடவ முடிஞ்சுதுல்ல? அதே ஆளுதானே?"

வில்லெட்டா மீன் தட்டைத் தாளால் மூடினார். விரல்களைக் கைக்குட்டையில் ஒவ்வொன்றாகத் துடைத்தார். கோட்டைக் கழற்றி மடித்து சோபாவில் வைத்துவிட்டு உள்ளே போய், டீக்கனின் முழங்கையைப் பிடித்து மைக்கை விட்டு விலக்கினார்.

"மைக்க எறக்கு லூதர். வெளக்க அணை. இவன் போன தடவ மாதிரி கார்லயே உக்காந்திருக்கட்டும்."