இப்போ வாங்காதீங்க!

மனிதர்களில் ஒரு வகை உண்டு. அவர்களுக்கு இதுவரை யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை என்பதால் நானே வைத்துவிடுகிறேன்: பொறுக்கச்சொல்லிகள். நீங்கள் எதையோ வாங்கப் போகிறீர்கள் என்ற செய்தி காற்றில் கசிந்தால் போதும், தெருவின் அந்த முனையில் இருந்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள். வாஷிங் மெஷினோ, மெத்தையோ, கைபேசியோ, எதுவானாலும் சரி. "இப்போ வாங்காதீங்க" என்பது அவர்களுடைய முதல் வாக்கியம். "அடுத்தது வருது" என்பது இரண்டாவது. மூன்றாவது வாக்கியத்தை நான் கேட்டதில்லை. இரண்டாவதே முக்கால் மணி நேரம் ஓடும்.

இவர்களைக் கருமிகள் என்று நினைத்துவிடாதீர்கள். பொறாமைக்காரர்கள் என்றும் சொல்ல முடியாது. உங்கள் மேல் அவர்களுக்கு உண்மையான அன்பு. சிக்கலே அதுதான். பொறாமையோடு வருகிறவனை விரட்டிவிடலாம், அன்போடு வருகிறவனை என்ன செய்வது? காபி கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

எங்கள் தூத்துக்குடியில் இந்த வகையின் அப்பழுக்கற்ற மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் ஆன்றோ. வயது நாற்பத்தெட்டு. கப்பல் ஏஜென்சி ஒன்றில் சரக்குப் பத்திரங்கள் பார்க்கிற வேலை. நாள் முழுக்க ஆபீஸ் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் என்பதாலும், சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பென் டிரைவ் செருகியிருப்பவர் என்பதாலும், கம்ப்யூட்டர் விஷயத்தில் அவரைக் கேட்காமல் எங்கள் தெருவில் யாரும் ஒரு மவுஸ்கூட வாங்குவதில்லை. கேட்டபிறகும் வாங்குவதில்லை. இவர் பேச்சைக் கேட்டுப் பொறுத்தவர்களில் ஒருவருடைய மகன் கம்ப்யூட்டர் இல்லாமலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டான்.

பெரிய கோயிலுக்கு, அதாவது மாதா கோயிலுக்கு, போகும் வழியில் விஜிலா ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை, கோயிலில் பிள்ளைகளின் முதல் நன்மை விழாவுக்கான அட்டை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அவளே டைப் அடித்து, அவளே வடிவமைத்து, அவளே அச்சடித்துக் கொடுப்பாள். கணவர் கப்பலில் இருக்கிறார். வருடத்தில் எட்டு மாதம் கடல். கடையும் அவளும் அந்தப் பழைய கம்ப்யூட்டரும்தான். அந்தக் கம்ப்யூட்டர் ஒருநாள் திரையில் ஓர் அறிவிப்பைக் காட்டியது: இனிமேல் பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்பு அப்டேட் கிடையாது, புதியதற்கு மாறுவதற்கு இந்தக் கம்ப்யூட்டர் தகுதி பெறவில்லை.

விஜிலா ஆன்றோவைக் கூப்பிட்டாள். அங்கே தொடங்கியது வினை.

ஆன்றோ வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். கண்ணாடியைத் துடைத்தார். இந்த மூன்றும் சடங்கு. இவை இல்லாமல் அவர் எதையும் பார்ப்பதில்லை.

"உன் பிராசஸர் நாலாவது தலைமுறை. எட்டாவது தலைமுறைக்குக் கீழ இருந்தா புது விண்டோஸ் உள்ளயே வராது. அது போக, டிபிஎம்னு ஒரு சிப்பு வேணும். அதுவும் ரெண்டாவது வெர்ஷன்."

"எனக்கு மாப்பிள்ளை பாக்கும்போதுகூட எங்க வீட்டுல இத்தனை தலைமுறை விசாரிக்கலியே அண்ணாச்சி. சரி, புதுசு ஒண்ணு வாங்கிருதேன்."

"வாங்கலாம். ஆனா இப்போ வாங்காத."

"ஏன்?"

"அடுத்தது வருது."

அந்த நேரம் பார்த்து ஜேசுபாதம் சார் உள்ளே வந்தார். பக்கத்திலுள்ள நாசரேத் ஊர்க்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தினமும் காலையில் விஜிலாவின் கடையில் பேப்பர் படிக்கிறவர். ஆன்றோ எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்ப்பக்கம் போய் நிற்பது அவருடைய ஓய்வுக்கால வேலை. அன்றைக்குப் பிடித்தது அவர்களுடைய விவாதம். பொங்கலுக்கு முன்னால் தொடங்கியது. தவக்காலம் போய், ஈஸ்டரும் போய்விட்டது.

"ஸ்டார்ட் பட்டனை ஓரத்துல இருந்து எடுத்து நடுவுல ஏன் வச்சான்? சொல்லுங்க சார்" என்பார் ஆன்றோ.

"அழகுக்கு."

"அழகுக்கா! விரலுக்கு சார், விரலுக்கு! பட்டனைப் பூரா இடைவெளி விட்டு வச்சிருக்கான் பாத்தியளா? எல்லாம் டச்சுக்குப் பண்ணுத ஏற்பாடு. இன்னும் ஒரு வருஷத்துல மவுஸ்னு ஒண்ணு இருந்ததையே மறந்திருவாங்க. அதுக்குள்ள இவ டச் இல்லாத ஒண்ண வாங்கிப் போட்டுட்டு முழிக்கணுமா?"

"தம்பி, முப்பத்திரெண்டு வருஷம் கரும்பலகையில கையைத் தூக்கி எழுதுனவன் நான். இந்தத் தோளு மழைக்காலத்துல தனியாப் பேசும். மடியில வச்சிருக்கதுக்கு டச்சு சரி. மேசையில நிமிந்து நிக்குத ஸ்கிரீனை நாள்பூரா கையை நீட்டித் தொடணும்னா, கம்ப்யூட்டரோட ஒரு எண்ணெய் வைத்தியரையும் சேத்துல்லா வாங்கணும்? அது போக, இந்தப் பிள்ளை கையில எப்பப் பாத்தாலும் பசை. டச் ஸ்கிரீனைத் தொட்டா அதுலயே போஸ்டர் ஒட்டிக்கிடும்."

"அதுக்குத்தான் சார் பொறுக்கச் சொல்லுதேன். பசை ஒட்டாத கிளாஸ் வருதாம்."

ராம் எட்டு ஜிபி போதுமா, பதினாறு வேண்டுமா? ஏஐ-க்கென்று தனி சிப்பு இப்போது வருகிறதே, அதன் முதல் தலைமுறையை நம்பலாமா? உப்புக்காற்றுக்கு எந்த மதர்போர்டு தாங்கும்? பத்திரிகை அடிக்க வந்த பெண்வீட்டார் உட்கார இடமில்லாமல் நின்றார்கள். கடையின் இரண்டு நாற்காலிகளிலும் இந்த இருவரும் இருந்தார்கள்.

விஜிலா நடுவில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "அண்ணாச்சி, எனக்கு டச்சும் வேண்டாம், ஏஐயும் வேண்டாம். ஒரு எழுத்தை அடிச்சிட்டு, அது திரையில வாரதுக்குள்ள மாப்பிள்ளை பேரே மறந்துபோகுது."

"பொறுத்ததோட பொறுத்த. இன்னும் ரெண்டு மாசம்."

எல்லாருக்கும் அவர் சொல்வது ரெண்டு மாசம்தான். அந்த ரெண்டு மாசம் முடிந்து யாரும் பார்த்ததில்லை.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதரை. செபாஸ்டின் கடை வாசலில் வந்து நின்றான். அவனுடைய அப்பா சந்தியாகு தண்டல், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டியவர், அன்று விடியற்காலையில் இறந்துபோயிருந்தார்.

"அக்கா, நாலு மணிக்கு அடக்கம். பன்னெண்டுக்குள்ள போஸ்டர் ஒட்டணும். தம்பி செல்வின் மாலத்தீவுல இருக்கான், அவனுக்கு டிக்கெட் கிடைக்கல. பேராவது அதுல இருக்கட்டும்னு அழுதான். மறந்திராதிய."

விஜிலா உட்கார்ந்து அடித்தாள். 'சந்தி' என்று வந்தது. 'யாகு' வரவில்லை. திரை ஒருமுறை துடித்து, கறுத்தது. பெட்டிக்குள்ளிருந்து லேசாக ஒரு கருகல் வாசனை.

"ராம் போயிட்டு" என்றார், ஆபீஸ் போகிற வழியில் எட்டிப் பார்த்த ஆன்றோ.

"ராம் போனா வாசனை வராது தம்பி. இது பவர் சப்ளை" என்றார் ஜேசுபாதம் சார், பேப்பரை மடித்துவிட்டு உற்சாகமாக.

"பவர் சப்ளைனா விசிறி நின்னிருக்கும். விசிறிச் சத்தம் கேட்டுதா இல்லியா?"

"எனக்குக் கேக்கல."

"உங்களுக்கு எப்ப சார் கேட்டிருக்கு?"

செபாஸ்டின் அப்பாவின் போட்டோவைக் கையில் பிடித்தபடி, யார் பேசுகிறார்களோ அவர்கள் முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு பேரும் வாயை மூடுதியளா!" என்றாள் விஜிலா. எங்கள் தெருவில் அவள் குரல் உயர்ந்து அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. பேப்பர் ஜேசுபாதம் சாரின் மடியிலிருந்து கீழே விழுந்தது.

அவள் பக்கத்துத் தெரு அச்சகத்துக்கு ஃபோன் போட்டாள். கல்யாண சீசன்; சாயங்காலம்தான் முடியும் என்றார்கள். டிஜிட்டல் பிரிண்ட் போடும் ராமருக்குப் போட்டாள். "டிசைனை ரெடியா அனுப்புங்கக்கா, பத்து நிமிஷத்துல அடிச்சித் தாரேன். டைப் பண்ண இங்கன ஆளு இல்ல" என்றார் ராமர். அவள் ஆன்றோ பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, உங்க வீட்டு சிஸ்டத்துல பண்ணிக்கிடுதேன். மைனி இருப்பாவல்லா?"

"அது… அதுல இப்ப ஒரு…" என்று ஆன்றோ தொடங்கினார். அவர் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டது அதுவே முதல் தடவை. ஆனால் செபாஸ்டின் கையிலிருந்த போட்டோவையும் வாங்கிக்கொண்டு விஜிலா அதற்குள் ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டாள்.

ஆன்றோவின் மனைவி பிலோமி கதவைத் திறந்தாள். விஜிலா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள்.

"கம்ப்யூட்டரா? எங்கன இருக்கு?" என்றாள் பிலோமி.

கூடத்தின் மூலையில் கம்ப்யூட்டர் மேசை இருந்தது. அழகான மேசை. சுழல் நாற்காலி இருந்தது. மவுஸ் வைக்கும் விரிப்பு இருந்தது. யுபிஎஸ் இருந்தது, அதிலிருந்து ஒரு வயர் மீன்தொட்டிக்குப் போயிருந்தது. திரை இருக்கவேண்டிய இடத்தில் ரைஸ் குக்கர். கீபோர்டு இழுக்கிற தட்டை விஜிலா இழுத்துப் பார்த்தாள். உள்ளே இரண்டு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய்.

"மேசை வாங்கி பதினோரு வருஷமாச்சி" என்றாள் பிலோமி. "மக ஜெர்லின் ரெண்டாங்கிளாஸ் போன வருஷம் வாங்குனது. இப்ப அவ காலேஜ் ஃபாரம்கூட வெளியில போய்த்தான் நிரப்பிட்டு வந்தா. அவுக இன்னும் பொறுத்துக்கிட்டு இருக்காவ."

விஜிலாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சுழல் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். மணி பத்தரை ஆகிவிட்டது. "அந்தப் பையன் நிக்கான் மைனி. தம்பி பேரு மட்டுமாவது வரணும்னு கேட்டான்" என்றாள்.

பிலோமி சமையலறைக்குள் போனாள். அடுப்பைக் குறைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தன் கைபேசியை எடுத்தாள். ஒரு மூலை விரிசல் விட்ட பழைய கைபேசி. மாதா கோயில் பங்குப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவுக்குத் தினமும் காலையில் ரோஜாவும் புறாவும் சூரியனும் வைத்து வணக்கம் அனுப்புவது அவள்தான். மூன்று வருடத்தில் ஒருநாள் தவறியதில்லை.

"ஏளா விஜிலா, நீ சொல்லு. நான் போடுதேன்."

கட்டைவிரல் ஓடியது. விஜிலா கொண்டுவந்த போட்டோவைப் படமெடுத்து, இரண்டு விரலால் தண்டலின் முகத்தை இழுத்துப் பெரிதாக்கினாள். கறுப்பு நாடாவைப் பிடித்துக்கொண்டுபோய் மேல் மூலையில் விட்டாள். பெயர், வயது, அடக்கம் நடக்கும் நேரம். மூத்த மகன் செபாஸ்டின். இளைய மகன் செல்வின், மாலத்தீவு. பிறகு கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு மைனி. ஆனா கீழ 'இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்'னு இருக்கு."

"அட மாதாவே!" பிலோமி அதை அழித்தாள். ஒரு புறா பாக்கியிருந்தது. அது இருக்கட்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

பதினொன்றே காலுக்கு ராமரிடம் போனது. பன்னிரண்டு அடிக்கும்போது தெருமுனைச் சுவரில் பசை ஈரத்தோடு சந்தியாகு தண்டல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு ஆன்றோ ஆபீஸில் அனுமதி வாங்கிக்கொண்டு அடக்கத்துக்கு வந்தார். அவர் வந்த நேரத்தில் செபாஸ்டின் சுவருக்கு முன்னால் நின்று, வீடியோ காலில் தம்பிக்குப் போஸ்டரைக் காட்டிக்கொண்டிருந்தான். "உன் பேரு இருக்குல்லா? பாத்துக்கோல" என்றான். கைபேசியிலிருந்து அழுகை மட்டும் வந்தது. செபாஸ்டின் திரும்பி ஆன்றோவைப் பார்த்தான். "மைனிதான் பண்ணாவளாம். நல்லா வந்திருக்கு அண்ணாச்சி."

போட்டோவின் ஓரம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. அது ஆன்றோவின் கண்ணில் பட்டதை நான் பார்த்தேன், பக்கத்தில்தான் நின்றேன். ரெசல்யூஷன் பற்றி அவருக்கு ஒன்றரை மணி நேரம் பேச வரும். செபாஸ்டினின் தோளில் கையை வைத்தார். அவ்வளவுதான்.

மறுநாள் விஜிலாவும் பிலோமியும் ஒரே ஆட்டோவில் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். யாரையும் கேட்கவில்லை. "டச் வேணுமா, வேண்டாமா?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "ஒரு எழுத்து அடிச்சா ஒரு எழுத்து வரணும். அது போதும்" என்றாள் விஜிலா. அரை மணி நேரத்தில் இரண்டு பெட்டிகளோடு திரும்பிவிட்டார்கள். ஒன்று கடைக்கு. ஒன்று பதினோரு வருட மேசைக்கு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த ஆன்றோ அந்தப் பெட்டியை மூன்று முறை சுற்றி வந்தார். பின்னால் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தார். மெதுவாக, "ஆகஸ்ட்ல இதுக்கு அடுத்தது வருது" என்றார்.

"வரட்டும். அதுக்கும் சேத்து உலை வைப்போம்" என்றாள் பிலோமி.

இப்போது ஆன்றோ தினமும் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்காருகிறார். அதில் அவர் பார்ப்பதெல்லாம் அடுத்து வரப்போகிற கம்ப்யூட்டர்களைப் பற்றிய வீடியோக்கள். விஜிலா தன் கடையிலிருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றை எடுத்துவிட்டாள். ஒரு நாற்காலியில் விவாதம் நடக்காதாம். ஜேசுபாதம் சார் பேப்பரோடு டீக்கடைக்குப் போய்விட்டார். ஆன்றோவும் அங்கேதான் போகிறார். டீக்கடைக்காரர் புதிதாக ஒரு ஃபிரிட்ஜ் வாங்க நினைத்திருந்தார். பாவம்.

ஆன்றோவைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்லது. சிரித்து முடித்ததும் ஒரு சின்னப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சமீபத்தில் உங்கள் வீட்டுக்கு ஒரு மிக்ஸியோ, மின்விசிறியோ, கைபேசியோ வந்ததா? வந்த அன்று உங்களிடம், "உங்களுக்கு ஆயிரம் வேலை, அதுதான் தொந்தரவு பண்ணல" என்று மனைவியோ மகளோ மிகுந்த பாசத்தோடு சொன்னார்களா? நீங்களும் அதை நம்பினீர்களா?

அவர்கள் உங்கள் வேலையை மதித்துத்தான் சொன்னார்கள் என்று நான் இன்னும் நம்பத் தயாராக இருக்கிறேன். நீங்கள் அந்தப் பெட்டியைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் படித்திருக்காவிட்டால்.