பதினெட்டுக் குச்சியும் ஒரு பெரியப்பாவும்

நலம் விசாரிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. "இப்ப எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து போகிறவர்களை இதில் சேர்க்கக் கூடாது, அவர்கள் வெறும் நல்லவர்கள். அசல் நலம் விசாரிப்பவர் வேறு. யாருக்கோ ஆபரேஷன் என்று காதில் விழுந்ததுமே ஒரு பிரட் பாக்கெட்டும் நாலு சாத்துக்குடியுமாகப் புறப்பட்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, மின்விசிறியைத் தன் சௌகரியத்துக்கு ஒரு சுற்று கூட்டி வைத்து, தொண்டையைச் செருமி, "பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க" என்று ஆரம்பிப்பார். அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் பயப்படலாம். அடுத்த வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு இதேதான்..."

அந்தத் தெரிந்த ஒருத்தருக்குப் பெயர் இருக்காது. ஊர் இருக்கும், ஆனால் நாம் போய் விசாரிக்க முடியாத தூரத்தில் இருக்கும். அவர் பிழைத்திருக்க மாட்டார். தப்பித் தவறிப் பிழைத்திருந்தாலும் பழைய ஆளாக இருக்க மாட்டார். குணமான மனிதர் ஒருவரைக்கூட இவருக்கு ஏன் தெரியவில்லை? குணமானவரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் அரைமணி நேரம் பேச முடியுமா?

பாலக்காடு ஜில்லாவில் பெருமாட்டிப் பக்கம் இந்த இனத்துக்குத் தலைவர் மோகனசுந்தரம். பால் சொசைட்டியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் ஊரார் பாலில் தண்ணீர் எவ்வளவு என்று கண்டுபிடித்த மனிதர், இப்போது ஊரார் உடம்பில் கோளாறு எவ்வளவு என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். தென்னந்தோப்பு குப்பண்ணனுக்கு அவர் பங்காளி வகையில் அண்ணன். ஆகவே குப்பண்ணன் மகள் செல்வப்பிரியாவுக்குப் பெரியப்பா. ஆகவே அவளால் தப்பிக்க முடியாது.

செல்வப்பிரியாவுக்கு இருபத்து நாலு வயது. ஆறு வயதில் தோப்புத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் முகவாய் இடிபட விழுந்தாள். ரத்தம் நின்றதும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். தாடை மூட்டு மறக்கவில்லை. காதுக்கு முன்னால் இருக்கிற அந்த மூட்டில் எலும்போடு எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே வந்து, கடைசியில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இரண்டு ஐஸ்குச்சி நுழைகிற சந்துதான் மிச்சம். கரைத்த இட்லி, குழைத்த சோறு, உறிஞ்சுகிற கஞ்சி. பக்கத்து ஊரான சித்தூரில் காலேஜ் படித்த காலத்தில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தோழிகள் சுடச்சுட போண்டாவைக் கடித்து, சூடு தாங்காமல் 'ஊ ஊ' என்று ஊதிக்கொண்டே மெல்லும்போது, இவள் மட்டும் தன் போண்டாவை நூல் நூலாகப் பிய்த்துப் பல்லிடுக்கில் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுடைய வாழ்நாள் லட்சியம் பெரியதல்ல. ஒரு முழு போண்டா, ஒரே கடி.

திருச்சூரில் ஒரு டாக்டர், மூட்டில் ஒட்டிய எலும்பைச் செதுக்கி எடுத்து, மறுபடி ஒட்டாமல் இருக்கக் நெற்றிப்பொட்டுத் தசையில் ஒரு துண்டைத் திருப்பி நடுவில் வைத்துவிடலாம் என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. ரத்தம் போகலாம், சீழ் வைக்கலாம், அந்தப் பக்கம் புருவத்தைத் தூக்குகிற நரம்பு சில மாதம் சோர்ந்துபோகலாம், பல் சேருவது கொஞ்சம் மாறலாம். "இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய ஆபத்து, திரும்பவும் ஒட்டிக்கிறது. அதை நான் தடுக்க முடியாது, நீதான் தடுக்கணும்" என்றார்.

இதைக் கேள்விப்பட்ட மோகனசுந்தரம், ஆபரேஷனுக்கு முந்தின வாரமே முறுக்குப் பொட்டலத்தோடு வந்தார். ஆமாம், முறுக்கு. வாய் திறக்காத பெண்ணுக்கு முறுக்கு. அதைத் தானே நொறுக்கிக்கொண்டு, அம்மா கோமதியைப் பார்த்துச் சொன்னார்.

"பயமுறுத்தறதுக்குச் சொல்லல அம்மிணி. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு இதே ஆபரேஷன். வாய் தொறந்துருச்சு. பொறகு மூடவே இல்ல. ஆறு மாசம் ஈ வெரட்டறதுக்குன்னே ஒரு ஆளு."

"ஐயோ!" என்றாள் கோமதி.

"இன்னொருத்தரு கதை இன்னும் மோசம். மயக்கம் தெளிஞ்சு எந்திரிச்சா, வாயில மலையாளம் மட்டுந்தான் வருது. பாவம், பொண்டாட்டி உடுமலைக்காரி."

கோமதி மாரியம்மனுக்கு ஒரு வேண்டுதல் வைத்தாள். மகள் பேசுவது எந்த மொழியானாலும் பரவாயில்லை என்று அதில் ஒரு ஷரத்தும் சேர்த்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வலது புருவம் மட்டும் டாக்டர் சொன்னபடியே தூங்கிப்போனது. வீட்டுக்கு அனுப்பும்போது, பயிற்சி சொல்லித் தருகிற மலையாளத்துப் பையன் ஷைஜு ஒரு கட்டு மரக்குச்சியைக் கையில் கொடுத்தான். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவே முட்டுக் கொடுத்து வாயைத் திறந்து வைக்க வேண்டும். தாங்க முடிந்தால் நடுவில் இன்னொரு குச்சி. அன்றைக்கு அவளுக்குப் பதினைந்து குச்சி நுழைந்தது.

"பதினெட்டு வந்தா ஜெயிச்சோம். ஒரு நாளைக்கு ஆறு பிராவசியம், ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம். நோவும், கரைச்சில் வரும், கண்ணுல தண்ணி வரும், ஆனா நிறுத்தக் கூடாது, கேட்டோ?" என்றான் ஷைஜு.

கேட்டுக்கொண்டாள். ஆனால் வீட்டில் மோகனசுந்தரம் இருந்தார்.

காலை பத்து மணிக்குப் பயிற்சி. பத்துக்கு அவர் வருவார். பகல் ஒரு மணிக்குப் பயிற்சி. தோப்பைப் பார்க்க வந்த சாக்கில் ஒன்றுக்கும் வருவார். மாலை ஐந்துக்குக் கேட்கவே வேண்டாம். பெரியவர் எதிரில் உட்கார்ந்திருக்க, ஒரு பெண் வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு எச்சில் ஒழுக உட்கார முடியுமா? கோமதி கண்ணாலேயே மிரட்டினாள். செல்வப்பிரியா குச்சியைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். இது போதாதென்று அவர் ஒரு வைத்திய யோசனையும் சொன்னார்.

"ஏனுங் கோமதி, வாய எதுக்கு ஆட்டிட்டே இருக்கறா? வெட்டின எலும்பு ஒட்ட வேண்டாமா? என்ற கையி ஒடஞ்சப்ப நாப்பது நாள் அசைக்கவே இல்ல. பாருங்க, இரும்பாட்ட இருக்குது."

கவனித்தீர்களா? ஒட்டியதைப் பிரிக்கத்தான் திருச்சூர் வரை போனார்கள். அதை ஒட்ட வைக்கச் சொல்கிறார் மனிதர். ஆனால் எலும்பு என்றால் ஒட்ட வேண்டும், கட்டுப் போட வேண்டும், அசைக்கக் கூடாது என்பது நம் பக்கத்தில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். கோமதி ஒரு துண்டை எடுத்து, மகளின் முகவாயோடு சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுவிட்டாள். செல்வப்பிரியா ஆட்சேபித்தாள். துண்டுக்குள்ளிருந்து வந்த ஆட்சேபம் யாருக்கும் புரியவில்லை.

அந்த இரண்டு வாரம் அவளுக்கு எப்படிப் போயிற்று என்கிறீர்கள்? சங்கடப்பட்டு அவள் புருவத்தைத் தூக்கினால் இடது புருவம் மட்டும் மேலே ஏறியது. அதை மோகனசுந்தரம் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டார். "நம்பலியா கண்ணு? சத்தியமா, என்ற ரெண்டு கண்ணால பாத்தேன்" என்று கூடுதலாக ஒரு கதையைச் சாட்சிக்குக் கொண்டுவந்தார். அதற்கும் புருவம் ஏறியது. அதற்கும் ஒரு சாட்சி வந்தது.

திருச்சூரில் மறுபடி அளந்தபோது பதினோரு குச்சி.

ஷைஜு குச்சியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டான். டாக்டர் வந்து பார்த்தார். "இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா மறுபடியும் கத்திதான். ரெண்டாம் தடவை இவ்வளவு நல்லா வரும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. தாடையைக் கட்டி வெக்கச் சொன்னது யாரு?"

கோமதி தலை குனிந்துகொண்டாள். துண்டை முடிந்தது அவள் கைதானே! திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் மகள் அழுவதைப் பார்த்து அவளும் அழுதாள். பதினெட்டு வருடமாகக் குழைத்துக் குழைத்து ஊட்டிய சோற்றை இனி ஆயுள் முழுக்கக் குழைக்க வேண்டுமோ என்று நினைத்தாள். பாலக்காட்டில் பஸ் மாறும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் சொன்னாள்: "நாளைக்கு யாரு வந்தாலும் சரி, நீ வாயத் தொறடி. மருவாதிய நான் பாத்துக்கறேன்."

மறுநாள் பத்து மணி. நாற்காலி இழுபட்டது, மின்விசிறி ஒரு சுற்று கூடியது, தொண்டை செருமப்பட்டது. "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தனுக்கு..." என்று அவர் ஆரம்பித்த அதே நொடியில், செல்வப்பிரியா பன்னிரண்டு குச்சியை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் செருகி, அவரை நேராகப் பார்த்தபடி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். வலியில் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வந்தது. இடது புருவம் உச்சிக்குப் போனது.

மோகனசுந்தரத்தின் வாக்கியம் பாதியில் நின்றது. "அதென்ன அம்மிணி, குச்சி?"

இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியும் பொய் சொல்லத் தெரியாத கோமதிக்கு அன்றைக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "நீங்க சொல்றதக் கேக்கக் கேக்க அவளுக்குப் பயத்துல பல்லுக் கிட்டிக்குதுங்க மாமா. முழுசாக் கேக்கோணும்னு முட்டுக் குடுத்திருக்கறா."

மோகனசுந்தரம் செல்வப்பிரியாவின் முகத்தைப் பார்த்தார். திறந்த வாய். வழியும் கண்ணீர். இத்தனை வருடத்தில் அவர் எத்தனை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்! கடிகாரத்தைப் பார்த்தவர்கள் உண்டு, தூங்குவது போல நடித்தவர்கள் உண்டு, சும்மாவே நர்ஸைக் கூப்பிட்டவர்கள் உண்டு. இப்படிக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. "எளகின மனசு கோமதி இவளுக்கு. அப்பிடியே என்ற அம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து அவர் வருகை நாளைக்கு ஆறு முறை ஆயிற்று. கதை ஒவ்வொன்றும் இருபது நிமிடம், நொடி பிசகாது. பால் சொசைட்டிப் பழக்கம். தாடை கழன்று சட்டைப்பைக்குள் விழுந்தவன், கொட்டாவி விட்டு அப்படியே நின்றுபோன வாத்தியார், ஆபரேஷனுக்குப் பிறகு மென்றால் காதில் வானொலி கேட்ட மாமியார். சிரிப்பு வந்தது. சிரித்தால் குச்சி தெறிக்கும். சிரிப்பை அடக்க அடக்க வாய் அகலமாகியது, வலி பின்னால் தங்கிப்போனது. பதிமூன்று. பதினாலு. நடுவில் அவர் வண்டிப்பெரியாரில் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் வரவில்லை. அந்த மூன்று நாளும் பயிற்சி நரகமாக இருந்தது. "ஏம்மா, பெரியப்பா எப்ப வருவாரு?" என்று தன் வாயாலேயே கேட்ட பெண்ணை என்னவென்று சொல்வது!

நாலு மாதம் கழித்து ஷைஜு பதினெட்டாவது குச்சியைச் செருகிவிட்டு, கையைத் தட்டி, பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டான். வலது புருவமும் தூக்கம் கலைந்து எழுந்திருந்தது. வரும் வழியில் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அதே டீக்கடையில், ஒரு முழு போண்டாவை ஒரே கடியில் உள்ளே தள்ளினாள் செல்வப்பிரியா. உப்பு கொஞ்சம் கம்மி. சூட்டில் நாக்கு வெந்துபோனது. 'ஊ ஊ' என்று ஊதிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே இன்னொன்று கேட்டாள்.

மோகனசுந்தரம் திருந்தினாரா? அவர் எதற்குத் திருந்த வேண்டும்? அந்தப் பெண்ணைக் குணப்படுத்தியது அவர்தானே! இப்போது நாலு ஊருக்கு அப்பால் கட்டிலோரம் உட்கார்ந்து, "பெருமாட்டில எனக்குத் தெரிஞ்ச ஒரு புள்ளைக்கு..." என்று அவர் சொல்வதாகக் கேள்வி. அந்தக் கதையில் அவளுக்கு இரண்டு புருவமும் போய்விட்டது.

அதுகூடப் பெரிதில்லை. போன வாரம் பக்கத்து வீட்டு நாச்சம்மாளுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். செல்வப்பிரியா பார்க்கப் போனாள். கையில் பிரட் பாக்கெட், நாலு சாத்துக்குடி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்லீங்கக்கா" என்றாள். பதினெட்டு வருடம் பூட்டிக் கிடந்த வாய், தாராளமாகத் திறந்தது. "எங்க வார்டுல ஒரு அம்மாவுக்கு இதேதான்..."

நாச்சம்மாள் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இவ்வளவு நேரம் படித்ததில் மூட்டு ஒட்டுவது, புருவம் தூங்குவது, மறுபடியும் கத்தி வைப்பது எல்லாம் உங்களுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. இப்போது உங்களுக்கும் பெருமாட்டியில் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள். இனிச் சொந்தத்தில் யாருக்காவது கன்னம் வீங்கினால், கடவாய்ப்பல் வலித்தால், கொட்டாவி விடும்போது காதோரம் 'டக்'கென்று சத்தம் கேட்டால், தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள், பிரட் பாக்கெட் வாங்காதீர்கள்.

பாருங்கள், யாருக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்கள்.