ஓடும் கைபேசியைத் தொடாதீர்

உலகத்தில் கைபேசியைக் கண்டுபிடித்தவர்கள் பலர் இருக்கலாம். அதை அடக்கி மூலையில் உட்கார வைத்தவர் ஒருவர்தான். அவர் பெயர் கொளஞ்சிநாதன். நெய்வேலி டவுன்ஷிப்பில், மகள் பெயரில் உள்ள குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறார். எந்த பிளாக் என்று சொன்னால் மற்ற பிளாக்குகளுக்கு வயிறு எரியும் என்பதால் அதை விட்டுவிடுவோம்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் சுரங்கத்தில் சேஃப்டி சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் ஷிப்டில் இருந்தால் கன்வேயர் பெல்ட்கூட சட்டைப் பட்டன் போட்டிருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டுதான் ஓடும் என்பார்கள். 'என்பார்கள்' என்றால், அவர் சொல்வார். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "ஓடுற மிஷின்ல கை வைக்காதே" என்று அவர் கத்திய கத்தலில் பத்து விரலோடு ரிட்டயர் ஆனவர்கள் இன்றைக்கும் அவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குகிறார்கள். அதில் கிண்டல் ஒன்றும் இல்லை.

அப்படிப்பட்டவரை வீட்டில் சும்மா உட்கார வைத்தால் தாங்குமா? ஒரு வருடம் அவர் மனைவி காந்திமதியின் சமையலறையில் 'ஆய்வு' நடத்தினார். குக்கருக்கு மூன்றடி தள்ளித் தரையில் மஞ்சள் கோடு போட்டார். இவருக்கு வெளியில் ஒரு வேலை வர வேண்டும் என்று காந்திமதி வேண்டாத சாமியில்லை. சாமி, ஜானகியம்மாளின் போனில் வந்தது.

ஜானகியம்மாள் மூன்றாவது தெருவில் இருப்பவர். ஒருநாள் மத்தியானம் யாரோ கூப்பிட்டு, "இன்னைக்கு சாயங்காலம் உங்க வீட்டுக் கரண்டைக் கட் பண்ணப் போறோம், கட் பண்ணாம இருக்கணும்னா போன்ல வந்த நம்பரைப் படிங்க" என்றான். அம்மாள் படிக்கத் தயாராகத்தான் இருந்தார். கண்ணாடி கிடைக்கவில்லை. தேடி எடுத்து வருவதற்குள் அவன் சலித்துப்போய் வைத்துவிட்டான். விஷயம் பரவி, பிளாக்கின் 'விழிப்பு மன்றம்' அவசரக் கூட்டம் போட்டது. மன்றத் தலைவர் நல்லசாமி, ஸ்டோர்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், தலைமை தாங்கினார்.

"எல்லா ஆபத்தும் போன்ல வருது. இதுக்கு என்ன வழி?" என்றார் நல்லசாமி.

கொளஞ்சிநாதன் எழுந்தார். "போன் என்பது என்ன? ஒரு மிஷின். மிஷினுக்கு உலகத்துல ஒரே விதிதான். ஓடும்போது தொடக் கூடாது."

"போன் எப்போங்க ஓடுது?"

"மணி அடிக்கும்போது."

இவ்வளவு எளிய உண்மை இத்தனை காலம் யாருக்கும் தோன்றாமல் போனதே என்று நல்லசாமி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப எப்பதான் எடுக்கிறது?" என்று கேட்டார் ஜானகியம்மாள்.

"நின்ன பிறகு."

"நின்ன பிறகு எடுத்தா அந்தப் பக்கம் ஆள் இருக்க மாட்டாங்களே."

"அதுதாம்மா பாதுகாப்பு" என்றார் கொளஞ்சிநாதன்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மன்றத்தில் ஒரு நீளமான நோட்டு வாங்கி வைத்தார்கள். தேதி, நேரம், எத்தனை மணி அடித்தது, பாதிக்கப்பட்டவர் பெயர் என்று நான்கு கட்டம். பிளாக்கில் எந்தப் போன் அடித்தாலும் அடித்து முடிந்ததும் வந்து பதிவு செய்ய வேண்டும். ஒரு மாதத்தில் நானூறு மணிகள் பதிவாயின. பாதிக்கப்பட்டவர் கட்டம் முழுக்கப் பூஜ்யம். ஒரு மோசடிக்காரன்கூட அந்த பிளாக்கில் ஒருத்தரிடமும் பேச முடியவில்லை. பெற்ற பிள்ளைகளாலும் முடியவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த வெற்றியை எல்லோருக்கும் கொடுப்பதற்காகத்தான் 'கைபேசிப் பாதுகாப்பும் அடிப்படைப் பயன்பாடும்' என்ற மூன்று நாள் பயிற்சி அறிவிக்கப்பட்டது. திங்கள், செவ்வாய், புதன், மாலை மூன்று மணி. குடியிருப்போரும் பணிபுரிவோரும் வரலாம். பெர்மனென்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர்களுக்கு முன்னால் குஷன் நாற்காலி. கான்ட்ராக்ட்காரர்களுக்குப் பின்னால் பெஞ்சு. பெஞ்சில் ஒரே ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அவள் பெயர் பொற்கொடி.

பொற்கொடி குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து, ஆறு வருடமாக அந்த பிளாக்கின் தெருக்களைக் கூட்டியவள். போன மாதம் கான்ட்ராக்ட் கை மாறியது. புதுக் கான்ட்ராக்டர் பழைய ஆட்களில் பாதிப் பேரைத்தான் எடுப்பார். அவருடைய சூப்பர்வைசர் அன்புச்செல்வன் கறாராகச் சொல்லியிருந்தான்: "புதன்கிழமை மூணு மணிக்கு மேல லிஸ்ட்டுல இருக்கிறவங்களுக்கு வரிசையா போன் போடுவேன். எடுத்தா வேலை. எடுக்கலன்னா அடுத்த பேரு."

இதில்தான் சிக்கல். அவளுடைய பட்டன் போன் துணி ஊறிய பக்கெட்டில் விழுந்து செத்துப்போனது. தங்கச்சி தன் பழைய டச் போனைக் கொடுத்தாள்; ஓரத்தில் விரிசல் விட்ட போன். தங்கச்சி மேலே தள்ளு என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் பக்கவாட்டில் தள்ளு என்றார். எப்படித் தள்ளினாலும் அது கட் ஆனது. ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், நெய்வேலியில் படித்தவர்கள் முறையாகச் சொல்லித் தருகிறார்களாம் என்று பஸ் ஏறி வந்துவிட்டாள்.

முதல் நாளே எழுந்து கேட்டாள். "சார், போனு வந்தா எடுக்கிறது எப்பிடிங்க?"

"அது அட்வான்ஸ் பாடம்மா. மூணாம் நாள்" என்றார் கொளஞ்சிநாதன்.

முதல் நாள் முழுக்க உறுதிமொழி. வலது கையை நீட்டி, "ஓடும் கைபேசியைத் தொடேன், தொடுவாரையும் தடுப்பேன்" என்று மூன்று முறை சொன்னார்கள். இரண்டாம் நாள் பாதுகாப்பு உடை. எல்லோருக்கும் ரப்பர் கையுறை கொடுத்தார்கள். கையுறை போட்டால் திரை விரலுக்கு மசிவதில்லை என்று ஜானகியம்மாள் குறை சொன்னார். கொளஞ்சிநாதன் மகிழ்ந்துபோய், அதைக் 'கூடுதல் பாதுகாப்பு வசதி' என்று நோட்டில் குறித்துக்கொண்டார். பெஞ்சில் இருந்த பொற்கொடி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். புதன்கிழமைக்கு ஒரு ராத்திரிதான் பாக்கி.

புதன்கிழமை மூன்று இருபதுக்கு அவள் மடியில் இருந்த போன் அடித்தது.

கொளஞ்சிநாதனின் விசில் பறந்தது. "யாரும் அசையாதீங்க. செய்முறைப் பயிற்சி தானா வந்திருக்கு. அம்மா, போனை மேஜையில வை. மூணடி தள்ளி நில்லு."

"சார், இது அந்த வேலைப் போனுங்க. எடுக்கலன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுவாருங்க."

"பதட்டம்தாம்மா விபத்துக்கு முதல் காரணம்."

குஷன் நாற்காலிகள் எல்லாம் காலி. எல்லோரும் கையுறையோடு சுவர் ஓரம் நின்று எண்ணினார்கள். நல்லசாமி நோட்டைத் திறந்து கோடு போட்டார். எட்டாவது மணியில் போன் நின்றது. கை தட்டினார்கள்.

மூன்று இருபத்திரண்டுக்கு மறுபடி அடித்தது. இந்தத் தடவை பொற்கொடி மூன்றடியைத் தாண்டிப் போய்ப் போனைக் கையில் எடுத்தாள். தள்ளத் தெரியாமல் ஒரு நொடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கொளஞ்சிநாதனின் கையில் அதைத் திணித்தாள்.

"நான் அமுக்கல சார். நீங்களே எடுத்துக் குடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். ரெண்டு வார்த்த பேசிட்டுக் குடுத்துடறங்க."

இந்த இடத்தில் ஒரு சிறு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொளஞ்சிநாதனுக்குப் போன் எடுக்கத் தெரியாது. மகள் வாங்கித் தந்த போன் ஒன்றரை வருடமாக அவர் சட்டைப் பையில் இருக்கிறது. வீட்டில் அடித்தால் காந்திமதி எடுத்து, "இருக்காரு, குடுக்கிறேன்" என்பாள். வெளியில் அடித்தால் அவர் தொடமாட்டார். அதைப் பிளாக்கே கொள்கை என்று நினைத்து வியந்தது. நாளாக நாளாக அவருக்கும் அது கொள்கை என்றே தோன்றிவிட்டது.

ராட்சச இயந்திரங்களை அடக்கியவர், ஒரு சாண் கண்ணாடியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். திரையில் பச்சையும் சிவப்பும் குதித்துக்கொண்டிருந்தன. சுரங்கத்தில் படித்த பாடம் கை கொடுத்தது: சந்தேகம் வந்தால் சிவப்பை அமுக்கு. அமுக்கினார்.

"பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது" என்று அறிவித்தார்.

கைதட்டல் அடங்குவதற்குள் மூன்றாம் தடவை அடித்தது. மறுபடியும் நிறுத்தினார். இந்த முறை கொஞ்சம் லாவகம்கூட வந்திருந்தது. நான்காம் தடவை அடிக்கவில்லை.

பொற்கொடி போனை வாங்கிக்கொண்டு வெளியே படியில் போய் உட்கார்ந்தாள். பயிற்சிக்குச் சுக்குக் காபி கொண்டு வந்திருந்த காந்திமதி தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடு இப்பிடி. என் போன்ல இருந்து அடிக்கிறேன். இந்தா, பச்சையில விரல வச்சி அழுத்திப் புடி. விடாத. அப்பிடியே மேல தள்ளு. விரிசல் பக்கம் போவாத. அவ்ளோதான்."

"ஹலோ" என்றாள் பொற்கொடி, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த காந்திமதியிடம். அரை நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று நாள் பாடம் அதுதான்.

பிறகு அன்புச்செல்வனைக் கூப்பிட்டார்கள். அவன் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "மொத வாட்டி எடுக்கல, சரின்னு விட்டன். அப்புறம் ரெண்டு வாட்டி நீங்களே கட் பண்ணீங்க. வேலை வேணாம் போலன்னு அடுத்த பேருக்குப் போட்டுட்டேங்க. அவங்க எடுத்தாங்க. லிஸ்ட் ஆபீசுக்குப் போயிடுச்சி."

பொற்கொடி அழவில்லை. ஆறு வருடம் கூட்டிய தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கட் பண்ணது நானு இல்லீங்க" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. போன் அதற்கு முன்பே நின்றிருந்தது.

அன்று சாயங்காலம் காந்திமதி கணவரிடம் சொன்னாள். "அந்தப் பொண்ணுக்கு வேலை போச்சுங்க."

"விபத்து எதுவும் நடக்கலையே" என்றார் கொளஞ்சிநாதன். சொல்லிவிட்டுக் காபியை ஆற்றினார். ஆற்றிக்கொண்டே இருந்தார். காபி ஏற்கெனவே ஆறித்தான் போயிருந்தது.

சனிக்கிழமை நிறைவு விழா. காந்திமதி அடுத்த பிளாக்கில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போனதால், வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார் கொளஞ்சிநாதன். மாற்றுச் சாவி கிடையாது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி, ஒரு பொறுப்பாளர் என்பது அவர் விதி. மன்றம் அவருக்குப் பித்தளைக் கேடயம் கொடுத்தது. அதில் 'பாதிக்கப்பட்டவர்கள்: 0' என்று பெரிய எழுத்தில் பொறித்திருந்தார்கள். இப்படிப்பட்ட மனிதர் நூற்றாண்டுக்கு ஒருவர்தான் பிறப்பார் என்று நல்லசாமி பேசினார். நாட்டின் நலம் கருதி இயற்கை அந்த ஏற்பாட்டைச் செய்திருக்கலாம்.

"யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம்" என்றார் கொளஞ்சிநாதன் பெருந்தன்மையாக.

பெஞ்சிலிருந்து பொற்கொடி எழுந்தாள். சான்றிதழ் வாங்கிக்கொள்ள வரச் சொல்லியிருந்தார்கள், வந்திருந்தாள்.

"அந்த நோட்டுல பாதிக்கப்பட்டவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்குதுங்களே சார். புதன்கிழமை வரியில என் பேர எழுதுங்க. பொற்கொடி. வேற ஒண்ணும் வேணாங்க. எழுதிட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிகினே இருப்பன்."

கொளஞ்சிநாதன் நோட்டைப் பார்த்தார். பேனாவைக்கூட எடுத்தார், அதை மறைக்கக் கூடாது. அப்போது நல்லசாமி குனிந்து காதில் ஏதோ சொன்னார். கொளஞ்சிநாதன் பேனாவை மூடினார்.

"எழுதலாம்தாம்மா. ஆனா கேடயத்துல பூஜ்யம்னு பொறிச்சாச்சே."

"சரிங்க சார்" என்றாள் பொற்கொடி. சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

அப்போது கொளஞ்சிநாதனின் சட்டைப் பையில் போன் அடித்தது. சொல்லி வைத்தாற்போல் கூடம் முழுக்க எழுந்து மூன்றடி பின்னால் போனது. நல்லசாமி நோட்டைத் திறந்தார். கொளஞ்சிநாதன் போனை வெளியே எடுத்துப் பார்த்தார். காந்திமதி என்று இருந்தது. தங்கை வீட்டிலிருந்து திரும்பிப் பூட்டிய வீட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. சாவி அவர் பையில் இருந்தது. மணி நான்கு, ஐந்து என்று போயிற்று. அவர் கட்டை விரல் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் நின்று தவித்தது. மன்றமே அந்த விரலைப் பார்த்தது. முதல் முறையாக மன்றத்துக்கு ஏதோ புரிய ஆரம்பித்தது.

அவர் போனை நீட்டிக்கொண்டே வாசலுக்கு ஓடினார். "அம்மா, பொற்கொடி, இதை மட்டும் கொஞ்சம் எடுத்துக் குடும்மா."

பொற்கொடி நின்று திரும்பினாள். திரையைப் பார்த்தாள். எந்த இடத்தில் விரல் வைத்து எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, சரியாக மூன்றடி தள்ளி நின்றாள்.

"ஓடிகினு இருக்குதுங்க சார். நின்ன பெறவு பாத்துக்கலாங்க."