ஒட்டிக்கொண்ட சர்க்கரை

மூன்று நாளாக அப்துல் கையூம் கூழும் பாகற்காயுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கப் போகிறார்கள். வாயைக் கட்டியதில் உள்ளே இருந்த சர்க்கரையெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடியிருக்கும் என்பது மனிதரின் நம்பிக்கை. அந்தத் தெம்பில் மகளிடம் போய் வாயைக் கொடுத்தார்.

“ஹனீன், நாளைக்கு டெஸ்ட்டுல அத்தா பாஸ்தானே?”

ஹனீன் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள். “எத்தனை நாளா பத்தியம்?”

“மூணு நாளு. சுத்தபத்தமா.”

“நாளைக்கு எடுக்கிறது ஏ ஒன் சி அத்தா. அது மூணு நாளைக் கேக்காது. மூணு மாசத்தைக் கேக்கும்.”

கையூம் விரல்விட்டு மூன்று மாசத்தை எண்ணிப் பார்த்தார்.

மூன்று மாசக் கதை அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். தினமும் சாயங்காலம் ‘கடற்கரை ரோட்டுல வாக்கிங்’ என்று உப்பளத்து வீட்டை விட்டுக் கிளம்புவார். கடற்கரை ரோட்டைத் தாண்டி, அப்படியே வடக்கே நாலைந்து கிலோமீட்டர் நடந்து, கருவடிக்குப்பத்தில் போய்த்தான் நிற்பார். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்வீட் கடைக்காரர்கள் அத்தனை பேரும் அவர் மனைவி ஜீனத்துன்னிசாவுக்கு உளவாளிகள். கருவடிக்குப்பத்தில் ஒருத்தனுக்கும் இவரைத் தெரியாது. அங்கே ஒரு ஸ்வீட் கடையில் நெய் வழிய தம்ரூட் கிடைக்கும். தின்றுவிட்டு ஆட்டோவில் வந்தால் நெய் வாசனையும் கூடவே வந்துவிடும் என்று திரும்பவும் நடந்தே வருவார். திருட்டுத் தீனிக்கு இவ்வளவு பாடுபட்ட மனிதரைப் புதுச்சேரி இதுவரை பார்த்ததில்லை.

வீட்டில் ஜீனத்துன்னிசாவின் ராஜ்ஜியம். சர்க்கரை டப்பா பீரோவுக்குள் இருக்கும், சாவி அவள் இடுப்பில் இருக்கும். “நானெல்லாம் சக்கரையைக் கையால தொடுறதில்லம்மா” என்று தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொல்வாள். அதனால்தான் டாக்டர் போன தடவை ஜீனத்தை வைத்துக்கொண்டே சொன்னார்: “அடுத்த தடவை ஒன்பதைத் தாண்டிச்சுன்னா இன்சுலின்தான் பாய். தினமும் ஊசி.”

ஊசி! கையூம் காந்தி வீதியில் தொப்பியும் அத்தரும் விற்கிறவர். கடையில் தொப்பியில் பிரிந்த தையலைப் போடுவதென்றால்கூட மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிற ஆள்.

“எப்படிம்மா மூணு மாசம்? நேத்து ஓடுன ரத்தம் வேற, இன்னிக்கு ஓடுற ரத்தம் வேற இல்லையா?”

“இல்லையே. சிவப்பணுவுக்குள்ள ஹீமோகுளோபின்னு ஒரு புரதம் இருக்குது. நாலு நூலைச் சுருட்டி மடிச்சு ஒண்ணாச் சேர்த்த மாதிரி. அந்த மடிப்பு சரியா இருந்தாத்தான் மூச்சுக்காத்தைப் புடிக்கும், விட வேண்டிய எடத்துல விடும். புரதத்துக்கு உருவம்தான் அத்தா உத்தியோகம். ரத்தத்துல சக்கரை ஏறிச்சுன்னா அதுமேல போய் ஒட்டிக்கும்.”

“ஒட்டினா எடுத்துட வேண்டியதுதானே?”

“செல்லே சில புரதத்து மேல சின்னச் சின்னதா ஒட்டி வைக்கும். ஒட்டினா வேலையை ஆரம்பின்னு அர்த்தம், எடுத்தா நிறுத்துன்னு அர்த்தம். அதுக்கு ஒட்டவும் ஆள் இருக்குது, எடுக்கவும் ஆள் இருக்குது. இந்தச் சக்கரை யாரையும் கேக்காம தானா வந்து ஒட்டிக்கிற சாதி. நம்ம கடையில வெள்ளைச் சட்டை மேல அத்தர் கொட்டினா என்ன ஆவும்?”

“அது எங்க போவும்? சட்டை கிழியற வரைக்கும் மணக்கும்.”

“அதேதான். அந்தச் செல் சாகிற வரைக்கும் போகாது. சாக மூணு நாலு மாசம் ஆவும். எத்தனை ஹீமோகுளோபின்ல சக்கரை ஒட்டியிருக்குன்னு எண்ணிப் பாத்து, நீங்க மூணு மாசமா என்ன பண்ணீங்கன்னு சொல்லிடுவாங்க.”

‘யா அல்லாஹ்! கோள்சொல்லிங்க ஊர்லதான் இருக்காங்கன்னு பார்த்தா ரத்தத்துக்குள்ளேயும் இருக்காங்களா?’ என்று மனசுக்குள் அலறினார் கையூம்.

அலறிய மனசுக்கே ஒரு யோசனையும் வந்தது. சட்டை கிழிந்தால் மணம் போகும். அப்படியென்றால் பழைய ரத்தத்தை வெளியே தள்ளிவிட்டால்? அந்த இடத்தில் புது ரத்தம் ஊறும். அதற்குத் தம்ரூட் என்றால் என்னவென்றே தெரியாது. நல்லவேளையாக ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் அன்றைக்கு ரத்ததான முகாம். ஒரு ராத்திரியில் எவ்வளவு ரத்தம் ஊறும் என்றெல்லாம் மகளிடம் கேட்கவில்லை. கேட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

முகாமில் நர்ஸ் ஊசியின் மூடியைத் திறந்ததுதான் அவருக்கு ஞாபகம். கண் விழித்தபோது தரையில் படுத்திருந்தார். மேலே நாலு தலைகள் குனிந்திருந்தன.

“குடிங்க ஐயா, குளுக்கோஸ் கலந்திருக்கு.”

“வேணாம்மா, எனக்கு...”

“பேசக் கூடாது. இன்னொரு டம்ளர் குடுங்க இவருக்கு. அந்தக் கேக்கையும் எடுங்க.”

சர்க்கரையைக் கொடுத்துவிட்டு வரப் போனவர், ஒரு சொட்டு ரத்தமும் கொடுக்காமல், சர்க்கரையை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

விடிந்தது. லேபிலிருந்து ராஜ்கமல் என்கிற டெக்னீஷியன் வந்தான். “ஒரே செலவா அம்மாவுக்கும் பாத்துடலாம்” என்று ஹனீன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். ஜீனத்துக்குப் போன வருஷமே எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

“எனக்கெதுக்குடி? நான் என்ன சக்கரையா திங்கிறேன்?” என்று ஜீனத் முந்தின நாளெல்லாம் சண்டை பிடித்தாள். மகள் விடவில்லை.

முதலில் கையூம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதி, ஒருவழியாகக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் விழுந்தார். அடுத்து ஜீனத். ராஜ்கமல் ரெண்டு குழாயையும் பெயர் எழுதின ரெண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு மேஜைமேல் வைத்தான். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவன் பைக் வழியில் நின்றிருந்தது. “இதோ எடுத்துட்டு வந்துடறேம்மா” என்று ஓடினான். ஹனீன் குளிக்கப் போயிருந்தாள்.

கையூம் கட்டிலிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். ஜீனத் அவசர அவசரமாக அடுப்படிக்குள் நுழைவது தெரிந்தது. கூடத்தில் மேஜை, மேஜைமேல் ரெண்டு கவர். சர்க்கரையைக் கையால் தொடாத உத்தமியின் ரத்தம் ஒன்றில், தம்ரூட் தின்ற பாவியின் ரத்தம் இன்னொன்றில். அவருக்கு மேலே நடக்க வேண்டியதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

‘பிஸ்மில்லாஹ்’ என்று ஆரம்பிக்கப் போனவர், இந்தக் காரியத்துக்கா என்று வெட்கப்பட்டுப் பாதியில் நிறுத்தினார். இந்தக் குழாயை அந்தக் கவரில், அந்தக் குழாயை இந்தக் கவரில். நிமிர்ந்தால், எதிரே வீட்டுவேலைக்கு வருகிற வேம்பு, கையில் தரை துடைக்கிற மாப்போடு நின்றிருந்தாள்.

கையூம் உதட்டில் விரலை வைத்தார். வேம்பு ‘எனக்கென்ன வந்தது’ என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு மாப்பைப் பிழியப் போனாள்.

சாயங்காலம் ஹனீனின் போனுக்கு ரிப்போர்ட் வந்தது.

“அத்தா, ஆறு புள்ளி நாலு! மாஷா அல்லாஹ்!”

கையூம் அடக்கமாகத் தாடியைத் தடவிக்கொண்டார். “நடக்கிறேன்ல?”

“அம்மா...” ஹனீனின் குரல் இறங்கியது. “அம்மாவுக்குப் பத்து புள்ளி ரெண்டு.”

ஜீனத்துன்னிசா ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை. நேராகப் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கையூமின் உள்பனியன் நனைந்துவிட்டது.

“பத்தா?” என்றாள். “பத்து வர்ற அளவுக்கு என்னத்தைத் தின்னீங்க?”

“நானா? எனக்கு ஆறுதானே?”

“இல்ல...” என்று முழுங்கினாள். “பத்து வர்றதுக்கு என்னத்தைத் தின்னிருக்கணும்னு சும்மா கேட்டேன்.”

கையூமுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. ஊசியிலிருந்து தப்பித்தாயிற்று, சரி. அந்த ஊசி இப்போது எங்கே போய் நிற்கிறது? சர்க்கரையே இல்லாத உடம்பில் இன்சுலினை ஏற்றினால் என்ன ஆகும் என்று மகளிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தார்.

“இருக்கிற சக்கரையும் எறங்கி மயக்கம் வந்துடும் அத்தா. கவனிக்காம விட்டா உயிருக்கே ஆபத்து. ஏன் கேக்கறீங்க?”

“சும்மா.”

சண்டை போட்டாலும் சள்ளை பிடுங்கினாலும் முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள். அவளுக்கு ஒன்று என்றால் இந்த ஆறு புள்ளி நாலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காலையில் முதல் வேலையாக அவளிடம் போனார்.

“ஜீனத், லேபுல தப்புப் பண்ணியிருப்பாங்க. இன்னொருவாட்டி டெஸ்ட் எடுத்துடலாமா?”

“வேணவே வேணாம்!” தூக்கிவாரிப் போட்டமாதிரி துள்ளினாள். “இன்னொருவாட்டி ரத்தம் குடுக்க என்னால முடியாது. அல்லாஹ் குடுத்ததை ஏத்துக்குவோம்.”

எப்பேர்ப்பட்ட பொறுமை என்று கையூம் உருகிப்போனார்.

மூலக்குளத்து டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து ஒரு மாத்திரையும் இன்சுலின் பேனாவும் எழுதினார். வீட்டுக்கு வந்ததும் ஜீனத் ஒரு காரியம் செய்தாள். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கையூமிடம் வந்தாள். “நீங்களும் தினம் ஒண்ணு கூடப் போட்டுக்கோங்களேன். உங்களுக்குத்தான் நல்லது.” வற்புறுத்தி வாயில் திணிக்கவே பார்த்தாள். தனக்கு வந்த வியாதியிலும் புருஷன் நினைப்பு! கையூம் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

ஹனீன் இன்சுலின் பேனாவை ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

“அதை எதுக்கும்மா குளிர்ல வைக்கிற?”

“இன்சுலினும் புரதம்தான் அத்தா. சூடு பட்டா மடிப்புக் கலைஞ்சிடும். கலைஞ்சா ஒண்ணுத்துக்கும் ஆகாது, வெறும் தண்ணிக்குச் சமம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு வந்ததும் ஆரம்பிச்சுடலாம்.”

வெறும் தண்ணி! கையூமுக்கு வழி கிடைத்தது. மகள் காலேஜுக்குப் போனதும் பேனாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், தகரக் கூரைமேல், உச்சி வெயிலில் படுக்க வைத்தார். நம்மூர் வெயிலில் எந்த மடிப்புதான் கலையாது? திருப்தியாகக் கடைக்குப் போனவர், அதைத் திரும்ப எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்க மறந்துபோனார்.

துணி எடுக்கப் போன ஹனீன்தான் கண்டுபிடித்தாள்.

“யார் செஞ்ச வேலை இது? காக்காவா?”

“காக்காவாத்தான் இருக்கும்” என்றார் கையூம்.

“ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்துட்டுப் போற காக்காவா?” ஹனீன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். புதுப் பேனா வந்தது. இந்தத் தடவை அது பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் தங்கியது.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆவில் கையூம் கேட்ட துஆவை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். வீட்டுக்கு வந்தபோது ஜீனத் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஹனீன் பேனாவில் ஊசியைத் திருகிக்கொண்டிருந்தாள். வேம்பு கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குப் பார்த்துக்கலாமேடி” என்றாள் ஜீனத். “இன்னிக்கு வெள்ளிக்கிழமை.”

“அம்மா, பயப்படாதீங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.”

“வேணும்னா முதல்ல அத்தாவுக்குப் போட்டுக் காட்டேன். பார்த்துட்டு எனக்குப் போடு.”

“என்னம்மா பேசறீங்க? நல்லா இருக்கிறவருக்கு எதுக்கு ஊசி?”

ஊசி முனை பளபளத்தது. கையூமுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் இந்தத் தடவை விழவில்லை.

“போடாதே ஹனீன்! அது உங்கம்மா சக்கரை இல்ல!”

மகளின் கை நின்றது.

“என்னோடது! அன்னிக்கு ராஜ்கமல் வெளியே போனப்ப நான்தான் குழாயை மாத்திப் போட்டேன். மூணு மாசமா கருவடிக்குப்பம் போய்த் தம்ரூட் தின்னது நான். பேனாவை வெயில்ல வச்சதும் நான்தான். காக்கா இல்ல.” மனைவி பக்கம் திரும்பினார். “ஜீனத், என்னை மன்னிச்சுடு. நீ சக்கரையைக் கையால தொடாதவ. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? இந்தாம்மா, எனக்கே போடு.”

சட்டையைத் தூக்கி, தொப்பையைக் காட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

ஹனீன் திட்டுவாள், ஜீனத் வீடு அதிர ஒரு பாட்டம் ஆடித் தீர்ப்பாள் என்று காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். ஜீனத்துன்னிசா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரில் தொங்கிய காலண்டரில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

“அம்மா, இவ்வளவு நடந்திருக்கு, நீங்க ஏன் ஒரு வார்த்தையும் பேசமாட்டேங்கறீங்க?” என்றாள் ஹனீன்.

வேம்பு மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அவங்க எப்படிப் பேசுவாங்க பாப்பா? பாய் வர்றதுக்கு முன்னாடியே பாயம்மா ஒருவாட்டி மாத்தி வச்சிட்டாங்க. பாய் வந்து திரும்ப மாத்தி, அதது எடத்துல சரியாப் போட்டுட்டாரு.”