அழைப்பிதழில் என் பெயர்

சாவதற்குள் ஒரு கருத்தரங்கின் அழைப்பிதழில் என் பெயர் அச்சாகிவிட வேண்டும். அறுபத்தெட்டாம் பிறந்தநாளன்று காலை, பல் துலக்கும் வேளையில் நான் உரைத்த சூளுரை இது. வாய் நிறையப் பற்பசை இருந்தமையால் எவர் காதிலும் விழவில்லை.

வாசகர்கள் என்னைக் குறைவாக எடைபோட்டுவிடக் கூடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்தான். ஆயினும் முப்பத்தாறு ஆண்டுகள் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் இயக்கிய இடைவேளைகளில், கையில் சிக்கிய அச்செழுத்து எதையும் நான் உயிரோடு விட்டதில்லை. ஓய்வு பெற்றபின், எங்கள் கல்மண்டபம் பகுதிக்கு அருகிலுள்ள ஒரு கல்லூரியே எனக்குக் கதி. ஏறத்தாழ ஓராண்டாக, மாதத்தின் முதல் சனிக்கிழமைதோறும் அங்கே பொதுமக்களுக்கான கருத்தரங்கு நடக்கிறது. உலக அமைதி, அகதிகள், நிலத்தடி நீர், நெகிழி ஒழிப்பு எனப் பதினொரு கருத்தரங்குகள் கண்டவன் நான். பதினொன்றிலும் முதல் கேள்வி என்னுடையது. இரண்டாம் கேள்விக்கு நேரம் இருந்ததில்லை.

மார்க்கெட்டில் மீன் விற்கும் என் மனைவி கன்னியம்மா மட்டும் இதை ஒரு பொருட்டாகவே கொள்ளவில்லை.

"இன்னாயா, இன்னிக்கி இன்னாத்த பேசுனீங்கோ?"

"நிலத்தடி நீர் நெருக்கடி."

"அது கெடக்கட்டும். தெருவுல தண்ணி லாரி வந்து நிக்குது. ரெண்டு கொடம் புடிச்சாந்து நெருக்கடிய தீரு."

உலகளாவிய பார்வை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இவ்வாறிருக்க, பன்னிரண்டாம் கருத்தரங்குக்கு ஒரு வாரம் முன்பு, சமூகப்பணித் துறைப் பேராசிரியை ஜானட் அம்மையார் என்னைக் கல்லூரி வாயிலில் நிறுத்தினார். தலைப்பு, 'ஊதியமில்லா உழைப்பு: வீடும் உலகமும்'.

"ஐயா, வீட்டு வேலையில பங்கெடுக்கிற ஆண் ஒருத்தர், பொதுமக்கள்லேருந்து வந்து பத்து நிமிஷம் பேசணும். உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

"தெரியும். நான்தான்."

பொய்தான். எங்கள் வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டிருந்தால் அங்கேயே அகப்பட்டிருப்பேன். நல்லவேளை, அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"அழைப்பிதழில் பெயர்...?"

"அச்சாயிடுச்சே ஐயா. 'பொதுமக்களில் ஒருவர்'னு போட்டுட்டோம். நீங்க நல்லாப் பேசுங்க, அடுத்த மாசம் பேரோட போட்டுடலாம்."

இலட்சியத்துக்கும் எனக்கும் இடையே பத்தே நிமிடம். பத்து நிமிடத்துக்கும் எனக்கும் இடையே கன்னியம்மா. அவள் காதுக்கு மட்டும் போகக் கூடாது.

"இந்த வாட்டி இன்னா தலைப்பு?" என்றாள் வெள்ளிக்கிழமை.

"ஆர்க்டிக் பனிப்பாறை உருகுதல்."

"அங்க ஐஸ் உருகுனா உனுக்கு இன்னாயா? இங்க என் கூடையில ஐஸ் உருகி வஞ்சிரம் வாடிப் பூடுது. அத்த கேக்க ஆளக் காணோம்."

திட்டம் பழுதின்றி நடந்தது. சனிக்கிழமை மேடையேறினேன். ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தேன். தொடங்கினேன்.

"வைகறையில் எழுகிறேன். தண்ணீர் பிடிக்கிறேன். பாத்திரம் துலக்குகிறேன்."

கைதட்டல். அது பொல்லாத வஸ்து. ஒருமுறை கேட்டால் மறுமுறையும் கேட்கத் தோன்றும்.

"நெத்திலி வாங்கினால் என் மனைவியைத் தொடவே விடுவதில்லை. நானே கத்தி எடுத்து, ஒவ்வொன்றாகச் செதில் சீவி, அழகாகத் துண்டு போட்டு..."

பின்வரிசையில் ஓர் இடி இடித்தது. சிரிப்பு.

"நைனா! நெத்திலிய துண்டு போட்ட மொத ஆளு நீதான்!"

குரல் பூவம்மாவுடையது. மார்க்கெட்டில் கன்னியம்மாவுக்கு அடுத்த கடைக்காரி. உழைக்கும் பெண்கள் முன்னிலையில் நடக்கட்டும் என்று, மீன்காரப் பெண்கள் இருபது பேரை ஜானட் அம்மையார் நேரில் சென்று அழைத்து வந்திருந்தார். நெத்திலி என்பது விரலளவு மீன். தலையைக் கிள்ளினால் குடலும் கூடவே வந்துவிடும். கத்திக்கு அங்கே வேலையே இல்லை. இந்த உண்மைகளை நான் பிற்பாடு அறிந்தேன். அப்போது அறிந்தது ஒன்றுதான். பூவம்மாவின் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, கன்னியம்மா.

ஒலிவாங்கி அவளிடம் போயிற்று. என் மானமும் கூடவே போயிற்று.

"வணக்கம். நான் அவரு சம்சாரம்."

மேடையிலிருந்து இறங்கும் படி எந்தப் பக்கம் என்று தேடினேன்.

"அவரு சொன்னது அத்தினியும் நெஜம். எனுக்கு பல்லு வலி. மெல்லக் கஷ்டப்படுவேன்னுதான் நெத்திலியக்கூட துண்டு போடறாரு."

அரங்கமே உருகியது. ஆர்க்டிக் தோற்றது.

"ஆனா கூச்ச சுபாவம். பாதிய சொல்லாம வுட்டாரு. காலையில டீ போட்டு என்ன எழுப்பறது அவருதான். கக்கூஸ் கழுவறது அவருதான். நான் மார்க்கெட்லேருந்து வந்தா, வெந்நீ வெச்சி, கால அமுக்கி வுடறதும் அவருதான்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஜானட் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க மாணவி மகிழினி உங்க வீட்டுக்கு வந்து, இதையெல்லாம் பார்த்து எழுதலாமா அம்மா?"

"தாராளமா வரட்டும். சொல்லிகினு வந்தா நாடகம்பாங்கோ. சொல்லாம வரட்டும்."

வீடு திரும்பும் வழியில் தழுதழுத்தேன். "கன்னி, என் மானத்தைக் காப்பாத்திட்டியே."

"அப்பால அழுவலாம். மொதல்ல வூட்டுக்குப் போய் கக்கூஸ கழுவு. அந்தப் பொண்ணு எப்ப வந்து நிக்குமோ."

திங்கட்கிழமை விடியலில் வந்து நின்றது. இரண்டு மணி நேரம் என்னைப் பின்தொடர்ந்து குறிப்பேட்டில் எழுதியது. வாசலில் கன்னியம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போயிற்று.

"இன்னாமே சொல்ச்சி?"

"எப்ப வேணா வருமாம். உசாரா இரு."

உஷாராக இருந்தேன். நான்கு வாரங்கள். கதவு தட்டப்பட்டாலே என் கை தானாகத் துடைப்பத்தைத் தேடியது. சிலிண்டர் கொண்டுவந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வூட்ல பெரியவங்க யாரும் இல்லியா?" என்று கேட்டார்.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஒருநாள் மாலை கால் அமுக்கும்போது, முப்பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக அவள் பாதத்தை உற்றுப் பார்த்தேன். ஐஸ் தண்ணீரில் நின்று நின்று வெடித்த பாதம். இன்னும் சிறிது நேரம் அமுக்கினேன்.

"அழுத்தி அமுக்குயா," என்றாள் கண்ணை மூடியபடி. "நோட்ல ஏறும்ல?"

ஐந்தாம் வாரத் தொடக்கத்தில், கையில் நெத்திலிப் பையோடு கல்மண்டபம் பேருந்து நிறுத்தத்தைக் கடந்தேன். அங்கே மகிழினி நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, மறுபடி எப்ப வருவே?"

"எதுக்கு தாத்தா? என் ரெக்கார்டு அன்னிக்கே முடிஞ்சிடுச்சே. இனிமே வரமாட்டேன்னு வாசல்லயே ஆயாகிட்ட சொன்னேனே."

வீட்டுக்கு நடக்கவில்லை. பறந்தேன்.

"கன்னியம்மா! அந்தப் பொண்ணு இனி வராதுன்னு உனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

"பின்னே என்னிடம் ஏன் சொல்லவில்லை?" கோபம் வந்தால் எனக்கு நூல் நடைதான் வரும்.

"ஆர்க்டிக்ல ஐஸ் உருகறத பாத்துகினு இருந்தேன்யா. மறந்து பூட்டேன்."

வாதத்தில் எனக்குப் பதினொரு கருத்தரங்கு அனுபவம் உண்டு. ஒன்றும் உதவவில்லை. அவள் முந்தானையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினாள்.

"இந்தா, உன் பேஜாரும் தீர்ந்துச்சி. ஜானட் டீச்சர் மார்க்கெட்டுக்கு மீன் வாங்க வந்துச்சி. நடந்தத அப்படியே சொன்னேன். சிரிச்சிகினே எழுதிகினு போச்சி. இன்னிக்கி இத்த குடுத்தனுப்புச்சி. உன் பேரும் இத்துல கீதாம், பாரு."

நெத்திலிப் பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு பிரித்தேன். பதின்மூன்றாம் கருத்தரங்கு. 'சிறப்புரை: திருமதி கன்னியம்மா. பொருள்: ஒரே மாதத்தில் கணவரைப் பழக்குதல்.' அதற்குக் கீழே, என் வாழ்நாள் இலட்சியம், கெட்டி எழுத்தில், ஒரு பிழையும் இன்றி அச்சாகியிருந்தது:

'செய்முறை விளக்கம் (நெத்திலி சுத்தம் செய்தல்): திரு. க. அப்பாவு.'

"சனிக்கிழம," என்றாள் கன்னியம்மா, என் கையிலிருந்த பையைச் சுட்டிக்காட்டி, "மேடைக்கு கத்தி எடுத்துகினு வந்துடாதய்யா."