சீயக்காயோடு சீனாவுக்கு

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும், மன்னிக்கணும். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். பேசவும் வராது. வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொள்கிற ரகம். (ஆனால் அடிக்கிற கூத்துக்குக் குறைச்சல் இல்லை.)

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர் தன் மகனுக்கு என் மகளைக் கேட்டிருந்தார். பிள்ளைகள் இருவருக்கும் பிடித்துவிட்டது. வாத்தியார்தான் முடிவு சொல்லவில்லை. "குடும்பத்தோட பழகிப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றவர், தன் நண்பர்களோடு போகும் வியட்நாம் சுற்றுலாவில் என்னையும் என் மனைவி சரோஜாவையும் சேர்த்துக்கொண்டார்.

கிளம்பும்போது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நீங்க பேசாட்டியும் பரவால்ல. ஒண்ணும் செஞ்சிடாதீங்க லா."

மூன்றாம் நாள் பான் ஸோக் அருவி. பாதி வியட்நாம், பாதி சீனா. எல்லைக்கோடு ஆற்றின் நடுவில் போகிறது. எனக்குத் தெரிந்ததோ எங்கள் பேராக் அருவிகள்தான். கைலி, எண்ணெய், சீயக்காய், ஒரு பானை கோழிக்கறி. அருவி என்றால் குளியல், அவ்வளவுதான். அன்றைக்குச் சனிக்கிழமை வேறு. ஹோட்டலிலேயே அரை போத்தல் நல்லெண்ணெயைத் தலையில் தேய்த்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"என்ன அண்ணே, காய்ச்சலா? இப்படி வேர்க்குது?" என்றார் வாத்தியார்.

"ஆமா சார்" என்றேன்.

அங்கே போனால் குளிக்கத் தடை! மூங்கில் தெப்பத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவே. எண்ணெய் காது வழியாகக் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தெப்பம் அருவியை நெருங்கியதும் சாரல் வாரி அடித்தது. உடனே என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்கிற நாளெல்லாம் இப்படித்தான்.) சட்டைப் பையிலிருந்த சீயக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்துத் தலையில் கொட்டித் தேய்த்தேன்.

அத்தனையும் கண்ணுக்குள் இறங்கியது. எரிச்சல் தாங்காமல் எழுந்து தடுமாறினேன். எங்கள் தெப்பத்தோடு ஒட்டி இன்னொரு தெப்பம் நின்றது எனக்கு எப்படித் தெரியும்? காலுக்கு மூங்கில் தட்டுப்பட்டது. போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண்ணின் கை. இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"சரோஜா, தண்ணி ஊத்து! கண்ணு போச்சு!"

ஊற்றினாள். வழக்கமாகத் திட்டிக்கொண்டேதான் ஊற்றுவாள். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கண்ணைத் திறந்தால், எழுபது வயதுச் சீனத்து அம்மா ஒருவர், கையில் காலிப் போத்தல். சுற்றிலும் சீனர்கள், எல்லார் கையிலும் கைப்பேசி, எல்லாக் கைப்பேசியும் என்னைப் பார்த்து. தெப்பம் சீனக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

தூரத்தில் சரோஜாவின் குரல். "என்னங்க! அது சீனா! எறங்குங்க!" (எங்கே இறங்குவது?) வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். மகள் கல்யாணம் என் கண்ணெதிரே தண்ணீரில் போனது.

ஈப்போ மார்க்கெட்டுக்கு முப்பது வருஷம் காய்கறி லாரி ஓட்டியவன் நான். அங்கே சீனக் கடைக்காரர்கள் பேசும் கண்டோனீஸ் மட்டும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பயத்தில் கூச்சமெல்லாம் பறந்துவிட்டது. "ஙோ தாப் சோ சுன்!" தப்பான படகில் ஏறிவிட்டேன் என்று அலறினேன். அந்த அம்மாவுக்கும் அதே பாஷை! எண்ணெய், சீயக்காய், கல்யாணம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். தெப்பமே குலுங்கிச் சிரித்தது. அந்த அம்மா போட்ட அதட்டலில் தெப்பக்காரன் முணுமுணுத்துக்கொண்டே திருப்பினான். கையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தோடு நடு ஆற்றில் என்னை ஒப்படைத்தார்கள்.

 கரையில் இறங்கியதும் வாத்தியார் கேட்டார்.

"மூணு நாளா 'ஆமா சார்' தவிர ஒண்ணும் பேசல. அவங்ககிட்ட அப்படி என்னதான் பேசினீங்க?"

"உங்களுக்கு எங்களைப் பிடிக்கணுமேன்னு பயமா இருக்குன்னு சொன்னேன் சார்."

 வாத்தியார் தோள் குலுங்கச் சிரித்தார். "நீங்க அடுத்த நாட்டுக்குப் போறதுக்குள்ள நிச்சயத்தை வச்சிடுவோம், சம்பந்தி."

கல்யாணமும் நடந்து, பேத்தியும் வந்துவிட்டாள். இன்றுவரை சனிக்கிழமை காலையில் நான் தலை முழுகும் நேரம் பார்த்துச் சம்பந்தி போன் செய்வார். "இப்ப எந்த நாட்டுல இருக்கீங்க?"

இன்றும் கேட்டார். "சிம்பாங் பூலாய்லதான் சம்பந்தி, வீட்டுல" என்றேன். நம்பவில்லை. "போனை சரோஜா தங்கச்சிகிட்ட குடுங்க" என்றார்.

சனிக்கிழமை, 11-10-2025